மதிலுக்கு வெளியே ஒரு பைப்பு

அந்த வருடம் மழை ஏமாற்றிய பிறகு, தண்ணீர் ஆபீசின் ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கைகளில் சுற்றத் தொடங்கியது. ஒரு தரம் சிங்களத்தில் சொல்லும், ஒரு தரம் தமிழில் சொல்லும். ஹோஸ் பிடித்து மரங்களுக்கு ஊற்றக் கூடாது. லொறி, மோட்டார் சைக்கிள் கழுவக் கூடாது. ஒரு வீட்டு மீட்டரில் ஓடும் தண்ணீர் அந்த வீட்டுக்குள்ளேயே முடிய வேண்டும். அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாலும், மதிலுக்கு வெளியே பைப்பு வைத்திருந்தாலும் லைன் வெட்டப்படும். இந்தக் கடைசி வரி வரும்போது மட்டும் ஆட்டோ எங்கள் வாசலில் வேகம் குறைவதுபோல எனக்குத் தோன்றும். உண்மையில் அந்த இடத்தில் பாதையில் ஒரு பள்ளம் இருந்தது. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்? ஊருக்கே தெரிந்த ஒரு பைப்பு எங்கள் மதிலுக்கு வெளியேதான் இருந்தது.

புத்தளத்துப் பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் திரும்பும் பாதையோரத்தில் எங்கள் வீடு. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் சனத்துக்குப் பிரித்துக் கொடுத்த காணிகளில் ஒன்று அது. யுத்தம் முடிந்து சிலர் திரும்பிப் போனார்கள். சிலர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நாங்கள் போகவில்லை. குழாய்த் தண்ணீர் எங்கள் பக்கத்துக்கு வந்ததும் அதற்குப் பிறகுதான். காணிப் பத்திரம் உம்மாவின் பெயரில் இருந்ததால் மீட்டரும் உம்மாவின் பெயரில் வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர்தான் காரணமாக நின்றது.

வெளியே இருந்த பைப்பு என் வாப்பாவுக்காக வைத்தது. மன்னாரில் யாரிடமும் கை நீட்டாத மனுஷன் அவர். வந்த படகில் தண்ணீர் நடுக்கடலிலேயே முடிந்துவிட்டது. கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது ஊர்ப் பெண்கள் குடங்களோடு நின்றார்களாம். வாப்பா வாங்கிக் குடித்துவிட்டு, எல்லோரும் பார்க்க அழுதாராம். எனக்கு அது நினைவில் இல்லை, நான் உம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை. மறு வருடம் முகாமில் காய்ச்சல் வந்து வாப்பா மவுத்தாகிவிட்டார். அப்போதே உம்மா மனதுக்குள் ஒரு நிய்யத் வைத்துவிட்டார். எப்போதாவது எங்களுக்கென்று தண்ணீர் வந்தால், முதல் பைப்பு பாதையில் போகிறவர்களுக்கு.

சொன்னபடியே செய்தார். லைன் கிடைத்தபோது குசினிக்குப் பைப்பு வருவதற்கு முன்னரே மதிலுக்கு வெளியே பைப்பு வந்தது. ஜும்ஆ முடிந்து மௌலவியைக் கூப்பிட்டுத் துஆ ஓதி, வந்தவர்களுக்குக் கஞ்சி கொடுத்து, கதவுக்குப் பின்னால் நின்றபடி உம்மா எல்லோரும் கேட்கச் சொன்னார்:

“இது என்ட மாப்புளட பேருல வக்பு. இண்டையிலிருந்து இது எங்கடதில்ல.”

எங்கள் பேச்சில் மாப்பிள்ளை என்றால் கணவர். வக்பு என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் அது அல்லாஹ்வுடையது. கொடுத்தவருக்கு அதில் உரிமை கிடையாது. அதில் யார் குடித்தாலும் நன்மை மட்டும் மவுத்தானவருக்குப் போய்ச் சேரும். எங்கள் ஆட்களில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தப் பைப்பை வைத்துத் தந்தவர் பக்கத்து வீட்டு நானா, எங்கள் பேச்சில் அண்ணன். உப்பளத்தில் வேலை செய்கிறவர், பரம்பரையாகப் புத்தளத்தான். மணலைத் தோண்டிக் குழாய் இறக்கி, சீமெந்தில் ஒரு சின்னத் தூண் கட்டி, அதில் பைப்பைப் பொருத்தினார். உம்மா கூலி கொடுத்தபோது வாங்கவில்லை. “எனக்கும் இந்த நன்மையில ஒரு பங்கு ஈக்கட்டும் சாச்சி” என்றார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அகதியாக வந்த எங்களுக்குக் காணிப் பத்திரம் இருந்தது, லைன் கிடைத்தது. மண்ணுக்குச் சொந்தக்காரரான அவருடைய காணி பங்கு பிரியாத குடும்பக் காணி. உறுதிப் பத்திரம் இல்லாததால் லைன் கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. ஆகவே அந்தப் பைப்பில் பாதையில் போகிறவர்களோடு அவரும் இரண்டு கேன்களைப் பிடித்துக்கொண்டு போவார். லொறிக்காரர்கள் முகம் கழுவுவார்கள். மீன்காரர்கள் சைக்கிளை நிறுத்திக் குடிப்பார்கள். எங்கள் மீட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். உம்மா அதைப் பற்றி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

வறட்சி வராமல் இருந்திருந்தால் நானும் சுளித்திருக்க மாட்டேன். ஆனால் அந்த வருடம் என் கையில் நாலு மாதப் பிள்ளை. எனக்குப் பால் போதவில்லை, பால்மா கரைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் கிணற்றில் உப்பு அவ்வளவு இல்லை, பார்க்க நல்ல தண்ணீர்போலத்தான் இருக்கும். கிளினிக்கில் மிட்வைப் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

“கிணத்துத் தண்ணியில பால் கரைக்க வேணாம், விளங்கிச்சா? தோட்டங்களுக்குப் போடுற பசளை எல்லாம் இறங்கின தண்ணி. பெரியாக்கள் குடிச்சா பரவாயில்ல, பச்சப் பிள்ளைக்கு ஆகாது. காய்ச்சினாலும் அது போகாது.”

அன்றிலிருந்து குழாய்த் தண்ணீர் எனக்கு வெறும் தண்ணீராக இருக்கவில்லை. பைப்பைத் திறந்து அது இருமி, காற்றை ஊதி, பிறகு ஓடத் தொடங்கும்வரைக்கும் எனக்கு மூச்சே வராது. கோடை ஏற ஏற லைனில் காலையில் கொஞ்ச நேரம், பின்னேரம் கொஞ்ச நேரம் என்றுதான் தண்ணீர் வந்தது. அதிலும் வெளிப் பைப்பு தாழ்ந்த இடத்தில் இருந்ததால், அங்கே யாராவது திறந்தால் குசினிப் பைப்பு நூலாக இழைத்து நின்றுவிடும். வெளியே கேன்களின் வரிசை நீளும், உள்ளே நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இதற்கு மேல் லைனையே வெட்டிவிட்டால் என்ன செய்வது என்று நிறைந்த குடங்களையே எண்ணிக்கொண்டிருப்பேன். என் மாப்பிள்ளை லொறியோடு கொழும்புக்கும் பாலாவிக்கும் அலைகிறவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. பயம் முழுவதும் எனக்கே மிச்சம்.

ஒரு நாள் காலை தண்ணீர் ஆபீசிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்து பைப்பைப் பார்த்தார். உடப்புக் கிராமத்து ஆள், தமிழர், வெயிலில் கறுத்துப்போன மனுஷன். அன்று உம்மா வீட்டில் இல்லை. என்னிடம் நல்ல விதமாகவே சொன்னார்: “தங்கச்சி, இத எடுத்திடுங்க. நான் திரும்ப வரக்குள்ள இது வெளிய இருந்தா, லைன வெட்டாம எனக்குப் போக ஏலாது.”

உம்மா வந்ததும் நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். உம்மா பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“உம்மா, பைப்ப உள்ளுக்குத் திருப்பிவிடுவம். மழ வந்ததும் திரும்ப வெளிய வெப்பம்.”

“குடுத்தத எப்பிடி மகள் திரும்ப எடுக்கிற?”

“எடுக்கச் சொல்லல்லயே. கொஞ்ச நாளைக்கு மூடத்தானே சொல்றன்.”

“உன்ட வாப்பாட கபுறுக்குப் போற தண்ணிய மூடச் சொல்றாய்.”

அதற்குமேல் நியாயம் பேச இடமில்லை. ஆனால் நியாயம் முடிந்த இடத்தில்தான் என் வாய் தொடங்கும். மவுத்தானவருக்குத் தண்ணீர் வேண்டும், உயிரோடு மடியில் கிடக்கிற பேரப்பிள்ளைக்கு வேண்டாமா என்று கேட்டேன். “அல்லாஹ் பாப்பான்” என்றார் உம்மா. “அல்லாஹ் எல்லாத்தையும் பாப்பான். மீட்டரப் பாக்கிறது உடப்பு சேர்” என்றேன். சொன்ன கையோடு அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கொண்டேன். மிச்சக் கோபத்தைக் குசினிச் சட்டிபானைகள் வாங்கிக்கொண்டன. கொடுத்ததைத் திரும்ப எடுப்பது எங்களிடத்தில் சாதாரண இழுக்கு இல்லை. வாந்தியெடுத்ததைத் திரும்பத் தின்னுவதற்குச் சமம் என்றுதான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். உம்மாவின் பக்கத்தில் உண்மை இருந்தது எனக்குத் தெரியும். அதனால்தான் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

தண்ணீர் ஆபீஸ் உத்தியோகத்தர் திரும்ப வந்தது ஒரு பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம். வெட்டுகிற சாமான்களோடு இரண்டு தொழிலாளர்களும் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு நானா அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கேன் பிடித்துக்கொண்டிருந்தார். உம்மா சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டபடி கேற்றடிக்குப் போனார். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஜன்னலால் எல்லாம் கேட்டது.

“அம்மா, இந்தப் பைப்பு உங்கடதா?”

“இல்ல மகன்.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்பார்கள், கெஞ்சுவார்கள், சண்டை பிடிப்பார்கள், இதெல்லாம் அவருக்குப் பழக்கமாக இருந்திருக்கும்.

“லைன் உங்கட பேருலதானே இருக்கு?”

“ஓம், லைன் என்ட பேருல.”

“அப்ப பைப்பு?”

“பைப்பு எங்கடதில்ல.”

நான் போத்தலைப் போட்டுவிட்டுப் பிள்ளையோடு ஓடினேன். “எங்கடதான் சேர். உம்மா சொல்றது வேற கத...”

“தங்கச்சி, லைன் உங்கட பேருலயா?”

“இல்ல.”

“அப்ப அம்மா சொல்லட்டும். அம்மா, இது உங்கடதில்லாட்டி, இத வெச்சது யாரு?”

உம்மா பதில் சொல்வதற்குள் நானா கேனைக் கீழே வைத்தார். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார்: “நான்தான் சேர் வெச்ச.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இரண்டு பேரும் உண்மை சொன்னார்கள். இரண்டு உண்மையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு களவு வந்து நின்றது. அந்தக் கோடையில் வேறு இடங்களில் ஆட்கள் களவாகக் குழாயை வெட்டித் தோட்டங்களுக்குத் தண்ணீர் எடுத்திருந்தார்கள். அப்படி யாரும் அகப்பட்டால் நேரே பொலிசில் ஒப்படைக்கும்படி மேலிடத்து உத்தரவு. உத்தியோகத்தர் பைப்பையும் கேன்களையும் நானாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அம்மாட லைன்ல, அம்மாடதில்லாத ஒரு பைப்பு. வெச்சது நீங்க. தண்ணி எடுக்கிறதும் நீங்க. அப்ப இது களவுத் தண்ணிதானே?”

“களவா?” நானா சிரித்துவிட்டார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து அந்தச் சிரிப்பை நிறுத்தினார்.

உம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. “அவர் களவெடுக்கல்ல மகன். நன்மைக்குத்தான் வெச்சுத் தந்த.”

“அப்ப உங்கடது எண்டு சொல்லுங்க. சொன்னீங்கண்டா இவர விட்டுட்டு லைன வெட்டிட்டுப் போறன். உங்கடதில்ல எண்டா இவரப் பொலிசுல குடுக்கணும். ரெண்டுல ஒண்டுதான் அம்மா, எனக்கு வேற வழி இல்ல.”

உம்மா வாயைத் திறந்தார். எங்களுடையது என்று சொல்லிவிட்டால் நானா தப்பினார், என் பிள்ளையின் தண்ணீர் போனது. சொல்லாவிட்டால் தண்ணீர் இருக்கும், மனுஷன் பொலிசுக்குப் போவார். எதை வேண்டுவதென்று எனக்கே தெரியவில்லை. உம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முதலில் நிய்யத்தாகவும் பிறகு பைப்பாகவும் இருபது வருடத்துக்கு மேலாக ஒரு மனுஷருக்காக வைத்திருந்த ஒன்றை ஒரு வார்த்தையில் பிடுங்கச் சொன்னால் யாருக்குத்தான் வாய் வரும்?

உத்தியோகத்தர் போன் பண்ணி, பொலிஸ் ஜீப் வந்தது. நானா போட்டுக்கொள்ள ஒரு சேட் கேட்டார். அவருடைய மனைவி அதைக் கொண்டுவந்து மதிலுக்கு மேலால் கொடுத்தார். அவர் அதைப் போட்டுக்கொண்டு, பாதி நிறைந்த கேனை நிழலுக்கு நகர்த்தி வைத்துவிட்டு ஏறினார். அந்தக் கேனை நகர்த்தி வைத்ததை இப்போது நினைத்தாலும் எனக்குப் பொறுக்காது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று பாவம் எங்கள் வீட்டுக்குள் வந்து கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டது. பொழுது சாய்ந்து, மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் நானாவின் மனைவி வந்தார். உள்ளே வரவில்லை, கதவைப் பிடித்தபடி நின்றார். சத்தம் போடுவார், ஏசுவார் என்று நான் தயாராக இருந்தேன். ஏசியிருந்தால் நல்லது, நானும் ஏசியிருப்பேன்.

“சாச்சி, அவர் ஒரு நாளும் பொலிஸ் வாசல மிதிச்சவரில்ல. களவு எண்டு எழுதிட்டாங்கண்டா உப்பளத்துல நாளைக்கு வேலைக்கு எடுக்க மாட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “உங்கட தண்ணியக் குடிச்சவங்க நாங்க. அதால நான் வேற ஒண்டும் சொல்ல மாட்டன்.”

அவர் போன பிறகு நான் உம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் கோபத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சில தருணங்களில் அது ஒன்று. உம்மா மஃரிப் தொழுதார். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகும் எழும்பவில்லை. தொழுகைப் பாயில் இருந்தபடி வெளிப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ பைப்பைத் திறந்து குடிக்கிற சத்தம் கேட்டது. அடைக்கிற சத்தமும் கேட்டது. இவ்வளவு நடந்தும் அந்தப் பைப்பு தன்பாட்டில் நன்மை சேர்த்துக்கொண்டிருந்தது. உம்மா பாயை மடித்தார்.

“முட்டாக்கப் போடு மகள். போவம்.”

சந்தியில் ஒரு ஆட்டோ பிடித்தோம். நான் பிள்ளையையும் பால் போத்தலையும் மடியில் வைத்திருந்தேன்.

பொலிசில் நானா சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், பிறகு எழும்பலாமா என்று தெரியாமல் பாதியில் இருந்துவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் வயதான சிங்களச் சார்ஜன்ட் ஒருவர். தண்ணீர் உத்தியோகத்தர் பக்கத்தில் நின்று முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் எழுதி முடியவில்லை. உம்மா நேரே மேசைக்குப் போனார்.

“அந்தப் பைப்பு எங்கடதான்.”

உத்தியோகத்தருக்கு நாள் முழுக்க வெயிலில் நின்ற களைப்பு. “அப்ப பின்னேரம் ஏன் அம்மா பொய் சொன்னீங்க?”

உம்மா நிமிர்ந்து பார்த்தார். மகன் என்று கூப்பிட்ட அதே குரலில்தான் சொன்னார், ஆனால் ஒவ்வொரு சொல்லும் அவரை விட்டுப் பிரிந்து போவது எனக்குக் கேட்டது.

“நான் பொய் சொல்லல்ல மகன். பின்னேரம் அது எங்கடதில்ல. இப்பதான் நான் திரும்ப எடுத்த.”

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். சந்தியில் கடைகளில் பழகிய என் சிங்களத்தில் நான் சொன்னேன். வாப்பா மவுத்தானது, உம்மா அவருக்காகப் பைப்பு வைத்தது, வைத்த அன்றே அதை விட்டுக்கொடுத்தது, பக்கத்து வீட்டு நானா கூலி வாங்காமல் கட்டித் தந்தது, எல்லாவற்றையும். சொல்லும்போது எனக்கு அழுகை வந்து, சிங்களம் பாதி, தமிழ் பாதியாகப் போயிற்று. சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்தார்.

“ஆ, பின் தாலிய” என்றார்.

சிங்கள ஆட்களிடமும் அது உண்டு. தாகத்தோடு போகிறவர்களுக்காகப் பாதையோரத்தில் பானையில் தண்ணீர் வைப்பார்கள், புண்ணியத்துக்கு. சிலாபத்துப் பக்கம் அவருடைய வீட்டு வாசலில் அவர் அம்மா இன்னமும் வைக்கிறாராம். யாராவது அந்தப் பானை உங்களுடையதா என்று கேட்டால் தன் அம்மாவும் இப்படித்தான் முழிப்பார் என்றார். நானாவைக் கைகாட்டி எழும்பச் சொன்னார். இது களவில்லை, நான் எழுத மாட்டேன் என்றார். பிறகு உத்தியோகத்தரைப் பார்த்து, லைனையும் விட்டுவிட ஏலாதா என்று கேட்டார்.

எனக்கு உயிர் வந்தது. உத்தியோகத்தர் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு, சார்ஜன்ட்டுக்குச் சிங்களத்தில் சொன்னதை உம்மாவுக்குத் தமிழிலும் சொன்னார்:

“அம்மா, எங்கட உடப்புல என்ட வீட்டாக்களே தண்ணி பவுசருக்கு வாளியோட நிக்கிறாங்க. இங்க ஒரு பைப்ப நன்மைக்கெண்டு நான் விட்டா, நாளைக்கு எல்லா மதில்லயும் நன்மைப் பைப்பு முளைக்கும். லைன்ல கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு சொட்டும் இருக்காது. காலைல வாறன்.”

அவர் சொன்னது சரி. அவர் சொன்னது சரி என்பதற்காகவே நான் அவரை வெறுத்தேன்.

திரும்பி வரும்போது நானா ஆட்டோவில் சாரதிக்குப் பக்கத்தில் ஒடுங்கி இருந்தார். பாதி வழியில் திரும்பாமலே கேட்டார்: “ஏன் சாச்சி சொன்னீங்க? ஒரு ராவுதானே, நான் இருந்திருப்பனே.”

“உன்ன உள்ளுக்கு வெச்சிட்டு ஓடுற தண்ணி யாருக்கு மகன் நன்மை?” என்றார் உம்மா.

வீட்டுக்கு வந்து முக்காட்டைக் கழற்றிய பிறகுதான் அவர் உடைந்தார். “உன்ட வாப்பாட சாமான நான் பறிச்சிட்டன்” என்று ஒரு தரம் சொன்னார். பிறகு அழுகைதான். முகாமில் நான் வளர்ந்த காலத்தில்கூட, எதற்கும் அழுது நான் பார்க்காத மனுஷி. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் கேட்டதும் இதைத்தானே, பைப்பை மூடச் சொன்னதும் நான்தானே. இப்போது அது நடந்துவிட்டது, தண்ணீரும் போகப்போகிறது.

காலையில் லைனில் தண்ணீர் வந்து கொஞ்ச நேரத்திலேயே அவர்கள் வந்துவிட்டார்கள். நான் கேத்தல், குடம், கழுவிய பால்மா டின் என்று அகப்பட்டதையெல்லாம் பைப்புக்குக் கீழே தள்ளிக்கொண்டிருந்தேன். உத்தியோகத்தர் கேற்றடியில் நின்று பார்த்தார். பிள்ளையின் போத்தல்களையும் பார்த்தார். தொழிலாளர்களிடம் ஏதோ சொன்னார், அவர்கள் நிழலில் போய்க் குந்தினார்கள். நான் கடைசிக் குடத்தையும் நிரப்பி முடியும்வரை யாரும் மீட்டரைத் தொடவில்லை. நான் நன்றி சொல்லவில்லை. எனக்கு அந்த அளவு மனசு இருக்கவில்லை.

அப்போது உம்மா ஒரு கிளாசோடு வெளியே போனார். தூணில் இருந்த பைப்பைத் திறந்து கிளாசை அலசி, நிரப்பி, அவரிடம் நீட்டினார்.

“குடிங்க மகன். வெயில்ல வந்திருக்கிறீங்க.”

அவர் தயங்கினார். வெட்ட வந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதா என்று நினைத்திருப்பார். உம்மாவின் கை நீட்டியபடியே நின்றது. கடைசியில் வாங்கி, அண்ணாந்து முழுவதையும் குடித்தார். கிளாசை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். பிறகு தொழிலாளர்களைக் கூப்பிட்டார். மீட்டரைக் கழற்றினார்கள், வெளிப் பைப்பையும் கழற்றி, குழாயின் வாயை மூடியால் இறுக்கினார்கள். தூண் மட்டும் மொட்டையாக நின்றது.

மழை வரும்வரைக்கும் எங்களுக்கு லைன் இருக்கவில்லை. என் மாப்பிள்ளை ஒவ்வொரு பயணத்திலும் சிலாபத்துப் பக்கத்திலிருந்து லொறியில் கேன்களில் தண்ணீர் கொண்டுவந்தார். பிள்ளை அதில் வளர்ந்தது. பால் கரைக்க எடுத்தது போக மிச்சத்தில் ஒரு கேன் நானா வீட்டுக்கும் போகும். பிறகு மீட்டர் திரும்ப வந்தது. மதிலுக்கு வெளியே பைப்பு வைக்கக் கூடாது என்ற சட்டம் அப்படியே இருந்தது, நாங்களும் வைக்கவில்லை.

ஆனால் அன்று காலை, அவர்கள் போன கையோடு, நான் உம்மாவிடம் கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன்.

“எங்கட தண்ணிய வெட்ட வந்த ஆளுக்கு ஏன் உம்மா தண்ணி குடுத்தீங்க?”

உம்மா வெறும் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தூணையே பார்த்தார்.

“இவ்வளவு காலமும் அதுல போனது உன்ட வாப்பாட தண்ணி மகள். ராத்திரி தொடக்கம்தான் அது என்ட தண்ணி. என்ட தண்ணி எண்டு ஒரு கிளாசாவது நான் யாருக்காவது குடுக்க வேணாமா?”